கூட்டம் போடக் காசு கேட்பதற்கு முன்

திருவாரூரில் ஒரு சின்ன அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். காவிரி டெல்டா மாவட்டங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள், விவசாயிகள் குழுக்கள், மகளிர் கூட்டமைப்புகள் நிதி கேட்டு அனுப்பும் புரொபோசல்களைப் படித்து யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வது எங்கள் வேலை. பெரும்பாலானவை குளம் தூர்வார, மாலை நேரப் பள்ளி நடத்த, தையல் மெஷின் வாங்க என்று வரும். இடையிடையே வேறு ஒரு வகையும் வரும். பல அமைப்புகளை ஒரே இடத்தில் கூட்டி ஒரு நாளோ இரண்டு நாளோ உட்கார்ந்து பேசுவதற்குக் காசு கேட்பவை. கலந்தாய்வு, கருத்தரங்கம், ஒருங்கிணைப்புக் கூட்டம், சங்கமம் என்று தலைப்பு மட்டும் மாறும். இந்த வகையை நன்றாக எழுதுபவர்கள் ரொம்பக் குறைவு. நடந்தே ஆகவேண்டிய சில கூட்டங்கள், எழுதிய விதத்தால் மட்டும் காசு கிடைக்காமல் நின்றுபோவதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே வருத்தம். அதனால் இந்தப் பதிவு.

கூட்டத்துக்குக் கொடுக்கிற பணம் வீண், அதே பணத்தில் நாலு குடும்பத்துக்கு ஆடு வாங்கிக் கொடுக்கலாம் என்று எங்கள் குழுவிலேயே சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான அமைப்புகள் நாகைக்கு வந்து இறங்கின. எல்லோரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள், ஆனால் யார் எந்தக் குப்பத்துக்குப் போகிறார், எதைக் கொண்டு போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. கேட்காத பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. அந்த நிலைமையில்தான் 2005 ஜனவரி தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். மீனவர்களோடு முன்பிருந்தே வேலை செய்துவந்த சிநேகா, சிஃப்ஸ் போன்ற அமைப்புகள் முன்னால் நின்றன. எந்த ஊருக்கு என்ன தேவை, யார் கையில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டது பெரிய காரியம். பேசித் தீர்க்காமல் விட்டுப்போன இடங்களும் இருந்தன. படகு அதில் ஒன்று. ஆளாளுக்குப் படகு கொடுத்ததில், சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் கரைக்கு வந்து சேர்ந்தன. படகோ வலையோ சொந்தமாக இல்லாதவர்கள், அதாவது மீன் விற்கும் பெண்கள், கரையோர விவசாயக் கூலிகள் போன்றவர்கள், பட்டியலில் பின்னால் போனார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற யாரும், சரியான ஆட்கள் சரியான நேரத்தில் ஓர் அறையில் உட்காருவதற்கு விலை உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆகவே கூட்டம் வேண்டுமா என்று நான் கேட்பதே இல்லை. இந்த ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்தால்தான் தீரும், தனித்தனியாக எவராலும் தீர்க்க முடியாது என்கிற விஷயம் எது? புரொபோசலைக் கையில் எடுத்ததும் நான் தேடுவது இதைத்தான். இது முதல் பக்கத்தில் இருந்துவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். யாரைக் கூப்பிடுவது, எத்தனை பேர், எந்த மாதம், எந்த ஊர், எவ்வளவு செலவு, எல்லாமே. அது இல்லாவிட்டால் இருபது பக்கம் எழுதினாலும் 'அனுபவப் பகிர்வு', 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்', 'வலையமைப்பை வலுப்படுத்துதல்' என்றுதான் ஓடும், படித்து முடித்த பிறகு எதற்காக இந்தக் கூட்டம் என்று எங்களால் ஒரு வரியில் சொல்ல முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும்போதெல்லாம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் பற்றிய சண்டை வரும். வரம்பு 17 சதவீதம். அதை உயர்த்த வேண்டும் என்று வலியுறுத்த மன்னார்குடியில் மாநாடு போடுகிறோம், நிதி கொடுங்கள் என்று எழுதினால், கோரிக்கை நியாயமானது, எனக்கும் அதில் உடன்பாடு உண்டு, ஆனால் அந்தத் தளர்வை அறிவிப்பது மத்திய அரசு. மன்னார்குடி மண்டபத்தில் உட்காரும் யாரும் அதை முடிவு செய்யப்போவதில்லை. அது போராட்டத்துக்கோ மனுவுக்கோ உரிய விஷயம். அதே ஊர்க்காரர்கள், 'எங்கள் ஒன்றியத்தில் நாலு அமைப்புகளிடம் தார்ப்பாய் இருக்கிறது, இரண்டு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் களம் இருக்கிறது, எல்லாமே அவரவர் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் போகிறது. மழை வந்தால் யார் யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்று பொதுவாக ஒரு முறை வைத்துக்கொள்ள ஒரு நாள் உட்கார வேண்டும்' என்று எழுதினால் நான் அன்றைக்கே கையெழுத்துப் போடுவேன். இது முழுக்க அந்த அறையில் இருப்பவர்கள் கையில் உள்ள முடிவு.

வாய்க்கால் தூர்வாருவதும் அப்படிப்பட்ட விஷயம்தான். ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் நீர்வளத் துறை தூர்வாரும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சி, டி வாய்க்கால்கள் வேளாண் பொறியியல் துறையா, ஊராட்சியா, நூறு நாள் வேலையா என்று வருடாவருடம் இழுபறி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறக்க வேண்டும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்போது திறந்தாலும், கல்லணையிலிருந்து பிரிந்து வரும் தண்ணீர் தலைஞாயிறு பக்கம் கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசிக் கோடிக்கு, வந்து சேரும்போது சின்ன வாய்க்காலில் கோரையும் வெங்காயத்தாமரையும் மண்டிக் கிடந்தால் வயலுக்கு ஏறாது. இந்த இழுபறியில் அறக்கட்டளைகளும் ஒரு தரப்பு. இரண்டு மூன்று அமைப்புகள் ஒரே குளத்தைத் தூர்வார நிதி வைத்திருக்கும், பக்கத்து வாய்க்காலுக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். எந்த வாய்க்காலை யார் எடுப்பது என்று ஏப்ரலிலேயே வரைபடத்தை விரித்துவைத்துப் பேசி முடிப்பது ஒரு நாள் வேலை. அதற்கு மண்டப வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரிந்து குறைவு.

சில சமயம் விஷயம் அவர்களிடம் இருக்கும், தாளில் மட்டும் வராது. வேதாரண்யம் பக்கத்துக் குழு ஒன்று 'பேரிடர் மேலாண்மைக் கருத்தரங்கம்' என்று அனுப்பியிருந்தது. காலநிலை மாற்றம், நீடித்த வளர்ச்சி இலக்குகள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. தலைவியை போனில் கூப்பிட்டு, ஏம்மா, உங்களுக்கு உள்ளபடி என்ன வேணும் என்று கேட்டேன். "கஜா அடிச்சப்ப மெயின் ரோட்டோரம் இருக்குற ஊருக்கே திரும்பத் திரும்ப லாரி வந்துச்சு சார். உள்ள இருக்குற எங்களுக்கு வரவே இல்ல. அடுத்த புயலுக்கு எந்த டிரஸ்ட் எந்த ஊருக்குப் போறதுன்னு இப்பவே பேசி எழுதி வச்சுக்கணும், அவ்ளோதான்" என்றார். 2018 நவம்பர் 16 கஜா புயலை இந்தப் பக்கத்தில் அனுபவித்த எவருக்கும் அந்த வாக்கியத்தின் கனம் புரியும். அம்மா, இதையே எழுதி அனுப்புங்க என்றேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பருக்குள் கூட்டம் முடிந்தாக வேண்டும் என்பது உட்பட எல்லாமே அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது.

அடுத்து ஆட்கள். 'சுமார் 150 பங்கேற்பாளர்கள்' என்று படித்தால் எனக்குக் கவலை வந்துவிடும். 150 பேரை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது, மேடை போட்டுப் பேசத்தான் முடியும். விஷயத்தைத் தீர்க்க வேண்டியவர்கள் இருபது முப்பது பேர் என்றால் அந்த இருபது முப்பது பேரையும் அமைப்புப் பெயரோடு எழுதுங்கள், ஏன் அவர் வேண்டும் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், அதில் எத்தனை பேர் ஏற்கெனவே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள் என்பதையும் குறியுங்கள். 'அழைக்கப்படுவார்கள்' என்பதற்கும் 'ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்' என்பதற்கும் எங்கள் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு. முக்கியமான ஒருவர் வரமாட்டேன் என்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள். அவர் இல்லாமல் எதுவரை போக முடியும் என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா என்பது அதிலிருந்து தெரியும்.

யாருடைய பிரச்சினையோ அவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், பட்ஜெட்டில் மட்டும் அது தெரியாது. நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. நிறுவனத்திலிருந்து வருபவருக்கு அன்றைக்கும் சம்பளம் உண்டு. இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் நஷ்டம் என்றால் அடுத்த முறை அவர் வரமாட்டார். கூலி ஈட்டுத்தொகை என்று தனி வரி போட்டுக் கேட்கும் புரொபோசலைப் பார்த்தால் எனக்கு அந்த அமைப்பின் மேல் உடனே மரியாதை வருகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், கடைசி பஸ் நேரத்துக்கு முன்பு முடிப்பது, தவறினால் வண்டி ஏற்பாடு, இவையெல்லாம் சில்லறைச் செலவுதான், ஆனால் யார் வாய் திறந்து பேசுவார்கள் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

இடத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். நம் ஊர்களில் மண்டபம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே யார் உள்ளே வருவார்கள் என்பதைச் சொல்லிவிடும். ஊர்த்தெரு நடுவில் இருக்கும் கட்டடத்தில் கூட்டம் போட்டுவிட்டு, காலனியிலிருந்து ஆள் வரவில்லை, அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதுவது பெரிய அநியாயம். கீழ்வெண்மணிப் படுகொலை நடந்த மண் இது. எல்லோரும் தயங்காமல் நுழையக்கூடிய இடம் எது, எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்களா என்று முன்னதாக விசாரித்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு பத்தி எழுதினால் போதும், நட்சத்திர ஹோட்டல் படம் எதுவும் வேண்டாம்.

தேதி. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பதற்காக மார்ச் கடைசி வாரத்தில் போடும் கூட்டங்களை நான் ஆதரிப்பதில்லை. டெல்டாவில் நாள் குறிப்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. குறுவை நடவு, சம்பா நடவு, தை அறுவடை நேரங்களில் விவசாயியும் வரமாட்டார், கூலிக்காரரும் வரமாட்டார். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்தப் பக்கம் பஸ்ஸில் ஏற முடியாது. கிராமசபை நாட்களில் ஊராட்சித் தலைவர்களைக் கூப்பிட முடியாது. விசைப்படகு மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கரையில் இருப்பார்கள். ஆற்றிலும் அப்போது தண்ணீர் இருக்காது. உளுந்து, பயறு எடுத்து முடிந்திருக்கும், மேட்டூர் திறக்க நாள் இருக்கும். விவசாயி, மீனவர் இருவரும் வேண்டிய கூட்டம் என்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் எனக்குத் தெரிந்து நல்ல இடைவெளி. பருத்தி போட்டிருக்கும் ஊர்களில் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் இருக்கும், காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முக்கியமானதை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். இப்படி யோசித்து ஒருவர் தேதியை விளக்கியிருந்தால், அவர் அந்த மக்களோடு பழகுகிறவர் என்பதற்கு வேறு சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

நிகழ்ச்சி நிரல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை என்று பாதி நாள் போய்விடக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த தகவலைக் கூட்டத்தில் படிக்காமல் ஒரு வாரம் முன்பே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவாக.

கூட்டம் முடிந்து போகிறவர் கையில் என்ன இருக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவைப் பற்றி அறியாதவர்கள் இங்கே குறைவு. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் காட்டிய வழியில் வந்தவர், 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர், 2018 டிசம்பரில் நம்மை விட்டுப் போய்விட்டார். அந்தத் திருவிழாவுக்கு வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள், அவர் பயிர் செய்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். என்னுடைய பார்வையில், தொண்டு சார்ந்த ஒரு கூட்டத்தின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. வந்தவர் ஒரு பொருளோடும் ஒரு பொறுப்போடும் வீட்டுக்குப் போகிறார், அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதற்கான காரணம் அவர் வயலிலேயே வளர்கிறது, கூட்டம் நடத்துபவருக்கும் எத்தனை பேர் செய்தார்கள் என்பது விதை திரும்பி வருவதிலேயே தெரிந்துவிடும். உங்கள் கூட்டத்தில் விதைநெல் இல்லாமல் இருக்கலாம். ஊர்ப் பங்கீட்டுப் பட்டியல், பொதுவான பயனாளிப் பதிவேடு, தார்ப்பாய் வரிசை முறை என்று ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். 'அறிக்கை வெளியிடப்படும்' என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், கூட்டத்துக்குப் பிந்தைய மாதங்கள். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்களே, அங்கே யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறிவிடும், அந்த நோட்டை எடுத்து வைத்துப் பார்க்க ஒரு ஆள் வீட்டில் இருப்பார், அதனால்தான் அந்த முறை இத்தனை காலம் நிற்கிறது. நம் கூட்டங்களில் வாக்குறுதி நிறைய வரும், நோட்டு இருக்காது. யார் என்ன செய்வதாகச் சொன்னார் என்று எழுதிவைத்து, மாதம் ஒரு முறை போன் செய்து கேட்டு, முடியாதவருக்கு என்ன தடை என்று பார்த்து உதவ ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஆறு மாதத்துக்குப் பகுதிநேரச் சம்பளம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்துக்குப் பிந்தைய வேலைக்கு என்று வைத்திருக்கும் புரொபோசலுக்காக எங்கள் குழுவில் நான் வாதாடத் தயாராக இருக்கிறேன், பேனரும் பையும் நினைவுப்பரிசும் அந்தப் பங்கைத் தின்றிருந்தால் வாதாட மாட்டேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம், இதைத் தெரியாமல் எழுதிக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதியை, அதாவது சமூகப் பொறுப்பு நிதியை, கேட்பதானால், 2014 ஜூனில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கையை மனதில் வையுங்கள். மாரத்தான், விருது விழா போன்ற ஒருமுறை நிகழ்ச்சிகள் சிஎஸ்ஆர் செலவில் சேராது என்று அது சொன்னது, 2021இல் அதன் இடத்தில் புதிய விளக்கங்கள் வந்தன. கூட்டத்தைத் தனி நிகழ்ச்சியாக எழுதினால் அங்கேயே அடிபடலாம். தூர்வாரும் திட்டத்தின், பேரிடர்த் தயாரிப்புத் திட்டத்தின் ஒரு கட்டமாக எழுதுங்கள், உண்மையிலும் அப்படியே இருக்கட்டும். 2021 ஏப்ரலிலிருந்து அந்த நிதியை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை என்றால் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முன்பு அது 50. 'பங்கேற்கும் ஒவ்வொரு அமைப்புக்கும் பத்தாயிரம் வழங்கப்படும்' என்று ஒரு வரி இருந்தால் அதுவே மொத்தத்தையும் நிறுத்திவிடும். பயணச் செலவு, சாப்பாடு, தங்கல் ஆகியவற்றை நடத்துகிற அமைப்பே ரசீது வைத்து நேரடியாகச் செலவு செய்வது மாதிரி பட்ஜெட்டைப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆடிட்டரிடம் புரொபோசல் அனுப்புவதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.

கூட்டத்தை யார் கூட்டுகிறார் என்பதைப் பற்றியும் கேட்பார்கள். பெரிய அமைப்பாக இருக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் நம்பும் ஆளாக இருக்க வேண்டும். இறால் பண்ணைக்காரருக்கும் நெல் விவசாயிக்கும் உப்புத் தண்ணீர் தகராறு இருக்கும் ஊரில், ஒரு தரப்போடு மட்டும் வேலை செய்யும் அமைப்பு எவ்வளவு திறமையாக எழுதினாலும் மற்றவர் வந்து உட்காரமாட்டார். அப்படியான இடத்தில் இரண்டு அமைப்புகள் சேர்ந்து அழைப்பு விடுங்கள், இருவர் கையெழுத்தும் புரொபோசலில் இருக்கட்டும்.

நாலைந்து பக்கம் தாராளமாகப் போதும். தமிழிலேயே எழுதுங்கள், ஆங்கிலத்தில் கேட்கும் நிறுவனங்களுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும், நீங்கள் கூப்பிடப்போகிறவர்களில் கடைமடையில் இருக்கும் ஒருவருக்கும் அலுவலகத்தில் இருக்கும் ஒருவருக்கும் முதல் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். "இதுக்கா, நான் வந்துடுறேன்" என்று இரண்டு பேரும் சொன்னால் அனுப்பிவிடுங்கள்.